கொடை இரவும் கிளப் பாட்டும்

கன்னியாகுமரிக்குச் சென்னையைவிடக் கொழும்பு பக்கம். கடலுக்கு மேலே நேர்கோடு போட்டால் 300 கிலோமீட்டர்கூட வராது. சென்னைக்குச் சாலைவழியே 700 கிலோமீட்டர் போக வேண்டும். இந்தக் கணக்கு ஒலியலைகளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 1960-களிலும் 70-களிலும் நாகர்கோவில், தக்கலை, குளச்சல் பக்கத்து வீடுகளிலும் டீக்கடைகளிலும் வானொலியின் முள்ளைத் திருப்பினால் தெளிவாக வந்து நின்றது இலங்கை வானொலிதான். 1952-ல் மத்திய அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடம் மறுத்தார். அந்த நேயர்களைக் கொழும்பு அள்ளிக்கொண்டது. 1957-ல் அகில இந்திய வானொலியே சினிமாப் பாட்டுக்கு இடம் தந்து விவித்பாரதியைத் தொடங்கிய பிறகும் தென்கோடி மக்கள் பழைய அலைவரிசையை விடவில்லை. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீது ஆகிய அறிவிப்பாளர்களின் குரல்கள், நாகர்கோவிலைச் சுற்றியுள்ள நாஞ்சில் நாட்டில் உறவுக்காரர்களின் குரல்களைப்போலப் பழகியிருந்தன.

அந்த அலைவரிசைகளின் வழியாகத்தான் கிதார் இந்தக் கரைக்கு வந்தது. ஆங்கில ஒலிபரப்பில் எல்விஸ் பிரெஸ்லியும் கிளிஃப் ரிச்சர்டும் பீட்டில்ஸும் பாடினார்கள். தமிழ் ஒலிபரப்பில் அதே கிதாரை மீட்டி யாழ்ப்பாணத்து இளைஞர்கள் பாடினார்கள். ஈழத்தில் ‘பொப்’ என்று எழுதப்பட்ட அந்த இசையின் முன்னோடி நித்தி கனகரத்தினம். மாமியிடம் மகளைப் பற்றி விசாரிக்கும் பாட்டு, கள் குடிக்கப் போகிறவனைத் தடுக்கும் பாட்டு என்று அவருடைய வரிகள் யாழ்ப்பாணத்துப் பனங்காட்டுப் பேச்சிலிருந்தே எழுந்தவை. பனையேறிப் பிழைத்த ஊர்கள் நிறைந்த குமரி மாவட்டத்துக்கு அந்தப் பேச்சு அந்நியமாகவே படவில்லை. ஏ.ஈ. மனோகரன் பாடிப் பரப்பிய ‘சுராங்கனி’, மீன் கொண்டுவந்து கொடுக்கும் ஒருவனின் பாட்டு. சிங்களமும் தமிழும் கலந்த அந்தப் பாட்டை 1977-ல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா எடுத்தாண்டார். மனோகரனும் ‘சிலோன் மனோகர்’ என்ற பெயரோடு தமிழ்ப் படங்களில் நடித்தார். போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற பைலா தாளமே அந்தப் பாட்டுகளின் முதுகெலும்பு. அதே போர்த்துக்கீசியரோடு வந்த பிரான்சிஸ் சவேரியார் ஞானஸ்நானம் கொடுத்த கடற்கரை, குமரியின் கடற்கரை.

இந்தப் பாட்டுகளைப் பற்றி இன்று யார் பேசினாலும் மெட்டைத்தான் பேசுகிறார்கள். வரிகளை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆட்டப் பாட்டுக்கு என்ன வரி வேண்டிக்கிடக்கிறது என்ற அலட்சியம், படித்தவர்களிடம்தான் கூடுதலாக இருக்கிறது. அந்த அலட்சியத்தால் ஒரு மாவட்டம் தன் இளமைக்காலப் பாட்டு வரலாற்றில் பாதியை இழந்துகொண்டிருக்கிறது.

இரவில் பாடப்படும் பாட்டு என்றாலே தமிழ் நடுத்தர வர்க்கத்துக்கு ஒரு கூச்சம் உண்டு. பாடுகிறவர் பெண் என்றால் அது இன்னும் கூடும். 1969-ல் சென்னை அண்ணா சாலையில் சபையர் தியேட்டர் வளாகத்தின் அடித்தளத்தில் ‘நைன் ஜெம்ஸ்’ என்ற இரவு விடுதி இருந்தது. அங்கே பட்டுச்சேலை உடுத்தி, பொட்டு வைத்து, பூச்சூடி ஓர் இளம்பெண் ஆங்கிலப் பாட்டுகளைப் பாடினார். மும்பையில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண்ணான அவர்தான் பின்னாளில் உஷா உதுப் என்று நாடறிந்த பாடகி. அங்கிருந்து கொல்கத்தாவின் ட்ரிங்காஸ் உணவகத்துக்குப் பாடப் போனார், 1975-ல் ஏ.பி. நாகராஜனின் ‘மேல்நாட்டு மருமகள்’ படத்தில் ஆங்கிலப் பாட்டோடு தோன்றினார். 2024-ல் பத்மபூஷண் பெற்றார். சபையர் 1994-ல் மூடப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்டது. அந்த அடித்தளத்தில் யார் யார் வாசித்தார்கள், என்னென்ன பாடினார்கள் என்பதை ஒழுங்காகச் சொல்லும் தமிழ் நூல் ஒன்று இருந்திருக்க வேண்டும்.

நாகர்கோவில்காரர்கள் பெரும்பாலோர் அந்த விடுதியின் படிகளை மிதித்தவர்கள் அல்லர். அவர்களுடைய இரவு விடுதி திரையில் இருந்தது. 1964-ல் வந்த ‘புதிய பறவை’யில் சௌகார் ஜானகி சிங்கப்பூர் கிளப் ஒன்றின் பாடகி. அங்கே அவர் பாடும் பாட்டு முதலில் மயக்குகிறது. படத்தில் மறுபடி வரும்போது அச்சமூட்டுகிறது. ஒரு கிளப் பாட்டின் சொற்களை வைத்தே துப்பறியும் கதையின் முடிச்சை இறுக்கலாம் என்று கண்ணதாசன் காட்டிய இடம் அது. 1979-ல் ‘நினைத்தாலே இனிக்கும்’ முழுப் படத்தையும் ஓர் இசைக்குழுவின் சிங்கப்பூர்ப் பயணமாக்கியது. அதற்கும் வரிகள் கண்ணதாசனுடையவை, இசை எம்.எஸ். விஸ்வநாதன். நியூயார்க்கிலும் லண்டனிலும் ‘நியூ வேவ்’ இசை நடன விடுதிகளைப் பிடித்துக்கொண்ட அதே நாட்களில், தமிழில் அந்த மின்னொளியும் சின்தசைசரும் சினிமாக் கொட்டகையில் வந்து இறங்கின. 1982-ன் ‘சகலகலா வல்லவன்’ படத்துக்காக வாலி எழுதிய புத்தாண்டுப் பாட்டு, டிசம்பர் 31 நள்ளிரவுகளில் தமிழ்நாடெங்கும் இன்னும் ஒலிக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மக்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் வரிகளை இலக்கியத்தின் வாசலில்கூட நிற்கவிடாத விமர்சனம் சற்றே நின்று யோசிக்க வேண்டும்.

இந்த வாதத்துக்கு உயிருள்ள சான்று எல்.ஆர். ஈஸ்வரி. 1969-ல் வந்த ‘சிவந்த மண்’ படத்தில் சவுக்கடிக்கு நடுவே காஞ்சனா ஆடும் பாட்டைப் பாடியவர் அவர். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் கிளப் நடனக் காட்சி என்றாலே இசையமைப்பாளர்கள் அவரைத்தான் கூப்பிட்டார்கள். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த அந்தக் குரலே அம்மன் பாட்டுக்கும் தமிழ்நாட்டின் குரலாகியது. நாஞ்சில் நாட்டில் கோயில் கொடை விழாவுக்குக் கால்நாட்டி, தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியதும் முதலில் எழுந்தது ஈஸ்வரியின் அம்மன் பாட்டு. கொடை முடிந்த மறுநாள் மைக்செட்காரர் அதே ஸ்பீக்கரில் அவருடைய சினிமாப் பாட்டைப் போட்டார். கேட்டவர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை. பக்திக்கு ஒரு குரல், ஆட்டத்துக்கு ஒரு குரல் என்று பிரித்துக் கேட்கும் பழக்கம் ஊருக்கு இல்லை. அது விமர்சகர்களின் பழக்கம்.

ஏனென்றால் நாஞ்சில் நாட்டின் இரவு எப்போதுமே பாட்டின் இரவாகத்தான் இருந்திருக்கிறது. சுடலைமாடனுக்கோ முத்தாரம்மனுக்கோ கொடை என்றால் வில்லுப்பாட்டு இல்லாமல் நடக்காது. மணி கட்டிய பெரிய வில், அதன்மேல் விழும் வீசுகோல், குடம், உடுக்கை, தாளம், கட்டை; வலப்பக்கமும் இடப்பக்கமும் பின்பாட்டு. நள்ளிரவு நெருங்க நெருங்க அடி வேகமெடுக்கிறது. கதையில் நாயகன் வெட்டுப்படும் கட்டத்தில் கூட்டத்தில் ஒருவர்மேல் சாமி வந்து இறங்குகிறது. சொல், தாளம், உடம்பு ஆகிய மூன்றும் ஒன்றாகும் அந்த நேரத்தைத் தேடித்தான் உலகத்தின் எல்லா நடனக்கூடங்களும் விளக்கை அணைக்கின்றன. இங்கேயும் பெண்கள் பாடினார்கள். 2018-ல் மறைந்த பூங்கனி, சின்ன வயதில் வில்லின் முன் உட்கார்ந்து பல பத்தாண்டுகள் கொடை மேடைகளில் இரவு முழுக்கப் பாடியவர். ஒழுகினசேரியில் பிறந்த ‘கலைவாணர்’ என்.எஸ். கிருஷ்ணனும் வில்லுப்பாட்டை இந்த மண்ணிலிருந்துதான் சென்னைக்கு எடுத்துப்போனார். கலைவாணரின் பெயருக்குக் கிடைத்த வெளிச்சத்தில் சிறு பங்குகூடப் பூங்கனி போன்றவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது மனத்தை உறுத்துகிறது.

கோயில் மட்டுமா? தக்கலையில் ஞானமாமேதை பீர்முகம்மது அப்பாவின் ஆண்டு விழாவில், அவர் இயற்றிய ‘ஞானப்புகழ்ச்சி’யை இரவெல்லாம் கூடியிருந்து பாடுகிறார்கள். தேவாலயத் திருவிழாக்களில், குறிப்பாக மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில், டிரம்ஸும் கீபோர்டும் கிதாருமாகக் கானமேளா களைகட்டும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் அதன் வாரிசான மாநிலத்தோடும் இருந்த ஊர்களுக்கு அது மலையாளத் தொடர்பு விட்டுச்சென்ற சொத்து. சீர்திருத்த சபைகளின் பாடகர் குழுக்களும் இரட்சணிய சேனையின் பித்தளை வாத்தியக் குழுக்களும் மேற்கத்திய இசைக் குறிப்பை இங்கே எப்போதோ பழக்கிவிட்டிருந்தன.

அதனால்தான் வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த டூ-இன்-ஒன்னில் போனி எம் பாடியபோது குமரிக் கிறிஸ்தவ வீடுகளுக்குள் அந்தப் பாட்டு சிரமமில்லாமல் நுழைந்தது. 1978-ல் ஐரோப்பாவின் டிஸ்கோக்களை ஆட்டிவைத்த ‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்’, 137-ஆம் சங்கீதத்திலிருந்து எடுக்கப்பட்டது. நாடுகடத்தப்பட்டவர்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து சீயோனை நினைத்து அழும் சங்கீதம் அது. 1970-ல் ஜமைக்காவின் மெலோடியன்ஸ் அதை முதலில் பாடினார்கள். 1965-ல் பேர்ட்ஸ் குழு அமெரிக்காவில் முதலிடத்துக்குக் கொண்டுபோன ‘டர்ன்! டர்ன்! டர்ன்!’ பாட்டின் வரிகளோ பிரசங்கியின் மூன்றாம் அதிகாரம். மெட்டமைத்தவர் பீட் சீகர். ராக் பாட்டு என்றால் வெறும் இரைச்சல் என்று சொல்லும் பெரியவர்கள் ஞாயிற்றுக்கிழமை கையில் எடுக்கும் புத்தகத்திலேயே அந்த வரிகள் இருக்கின்றன. 2016-ல் பாப் டிலனுக்கு இலக்கிய நோபல் கொடுக்கப்பட்டபோது உலகம் ஒரு வாரம் சண்டை போட்டது. நாஞ்சில் நாட்டில் அந்தச் சண்டைக்கு வேலையே இல்லை. பாட்டைத் தவிர வேறு வடிவில் தன் வீரர்களின் கதையைக் காலங்காலமாக வைத்திருக்காத ஊர் இது.

வில்லுப்பாட்டுக்கு ஒரு நல்லூழ் வாய்த்தது. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் நாகர்கோவில் பக்கத்துக் கொடைகளில் உட்கார்ந்து கேட்டு எழுதிய நூல் 1988-ல் வெளிவந்தது. வில்லில் பாடப்படும் முத்துப்பட்டன் கதையை நா. வானமாமலை பதிப்பித்தார். ஊர் ஊராக நடந்து கதைப்பாடல்களையும் கலைஞர்களின் வாழ்க்கையையும் அ.கா. பெருமாள் தொகுத்தார். இவர்கள் இல்லையென்றால் பாதிக் கதைகள் பாடியவர்களோடே புதைந்திருக்கும். இத்தனைக்கும் ஒரு காலத்தில் வில்லுப்பாட்டும் ‘பாமரர் கூச்சல்’ என்று ஒதுக்கப்பட்டதுதான். இலங்கை பொப்புக்கும் கானமேளா மேடைக்கும் மைக்செட் இரவுகளுக்கும் அப்படி உழைப்பவர்கள் இந்த மாவட்டத்தில் இன்னும் நிறையப் பேர் தேவை. நியூயார்க்கில் 1973-ல் திறந்து 2006-ல் மூடிய சிபிஜிபி என்ற சிறிய மதுக்கூடத்தைப் பற்றியும், 1982 முதல் 1997 வரை மான்செஸ்டரில் இருந்த ஹசியெண்டாவைப் பற்றியும் நூல்கள் உண்டு, படங்கள் உண்டு. அங்கே பாடியவர்களே உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். அந்த அக்கறை இங்கேயும் வர வேண்டும்.

அவசரமும் இருக்கிறது. இன்றைய கொடைகளிலும் திருவிழாக்களிலும் லாரி நிறைய ஸ்பீக்கர் வந்து இறங்குகிறது. நெஞ்சு அதிர்கிறது, சொல் ஒன்றும் விளங்குவதில்லை. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணிமுதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியையும் இசைக்கருவிகளையும் தடுக்கின்றன. ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை அனுமதிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. நோயாளிகளையும் படிக்கும் பிள்ளைகளையும் நினைத்தால் அந்த விதி நியாயமானது. ஆனால் அதை மீறுவது பெரும்பாலும் பெட்டி பெட்டியாக அடுக்கிய ஸ்பீக்கர்கள். அடிபடுவதோ குடமும் உடுக்கையும் வைத்து நடுநிசியில் பாட வேண்டிய வில்லுப்பாட்டுக் குழு. ஒலிபெருக்கி இல்லாமலே, கோயில் முற்றத்துக்குள் கேட்கும் அளவில் பாடப்படும் வில்லுக்கு, அரசு தளர்வு தரும் நாட்களில் நள்ளிரவு 12 வரை முதலிடம் கொடுப்பதை விழாக் குழுக்களே தீர்மானிக்கலாம். 

இலங்கை பொப், கானமேளா, மைக்செட் இரவுகள் ஆகியவற்றைப் பதிந்து வைக்கும் வசதியும் ஊருக்குள்ளேயே கிடக்கிறது. அகில இந்திய வானொலி தன் முதல் உள்ளூர் நிலையத்தை 1984-ல் திறந்தது நாகர்கோவிலில்தான். கானமேளாப் பாடகர்களையும் பழைய மைக்செட்காரர்களையும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்து, பாடச் சொல்லி, பேசச் சொல்லிப் பதிந்துகொள்ள அதைவிடப் பொருத்தமான இடம் எது? ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி, ஹோலி கிராஸ் கல்லூரி ஆகியவற்றின் தமிழ்த் துறைகள், மாணவர்களின் ஆய்வேட்டுக்கு மறுபடி மறுபடி சங்க இலக்கியத் தலைப்பே கொடுப்பதற்குப் பதில், ஆண்டுக்குப் பத்துப் பேரையாவது இதற்கு அனுப்பலாம். தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களைச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் சேர்த்து வைத்திருக்கிறது. குமரி வீடுகளின் மச்சிலும் டிரங்குப் பெட்டியிலும் அந்தப் புத்தகங்களோடு, இலங்கை வானொலியைக் கேட்டுக் கேட்டுப் பென்சிலால் வரி எழுதிய நோட்டுகளும் கிடக்கும். வீட்டை இடித்துக் கட்டும்போது பழைய பேப்பர்காரருக்குப் போவது முதலில் அவைதான். அதற்கு முன்னால் மாணவர்கள் போய்க் கேட்க வேண்டும்.