கறவை யந்திரமும் வெற்றிடச் சீராக்கியும்

பால் கறக்கும் யந்திரம் வாங்கப் புகும் குடியானவர், பம்பின் குதிரைச் சக்தி எவ்வளவு, வாளிகள் எத்தனை, விலை யாது என்று விசாரிப்பர். வெற்றிடச் சீராக்கியைப் பற்றி ஒரு வார்த்தையும் கேளார். விற்போரும் தாமாக எடுத்துச் சொல்வது அரிது. கறவையின் மடிநலம் அச்சிறு கருவியைப் பெரிதும் சார்ந்திருத்தலால், இவ்வசட்டை இரு திறத்தாருக்கும் தகாததாகும்.

1889இல் ஸ்காட்லாந்தில் கில்மார்னக் நகரத்து வில்லியம் மர்ச்லண்டு இயற்றிய யந்திரம் காம்பை ஓயாது உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஓயாத உறிஞ்சலால் காம்பில் இரத்தம் தேங்கும். 1895இல் கிளாஸ்கோவில் அலெக்சாண்டர் ஷீல்ஸ் என்பவர், கன்று ஊட்டுவதைப் போல் விட்டுவிட்டு இயங்கும் பல்சேட்டரை அமைத்த பின்னரே யந்திரக் கறவை மாட்டுக்கு இசைவதாயிற்று. ஆயினும், பல்சேட்டர் எவ்வளவு செம்மையாக ஓடினும், உறிஞ்சலின் அளவு மிகுமாயின் காம்பு நோகவே செய்யும்.

ஏரிக்குக் கலிங்கல் எப்படியோ, யந்திரத்திற்குச் சீராக்கி அப்படி. பம்பு எப்பொழுதும் தேவைக்கு மேல் காற்றை இழுக்குமாறு அமைக்கப்படுகிறது. அம்மிகைக்கு ஈடாக வெளிக்காற்றை உள்ளே விட்டு, வெற்றிடத்தை ஒரே மட்டத்தில் நிறுத்துவது சீராக்கியின் வேலை. ஒரு குவளை நழுவிக் காற்றுப் புகுமாயின், சீராக்கி தன் வாயை மூடிக்கொள்ளும். பம்பின் முழுவலியும் இழந்ததை மீட்கச் செல்லும்.

குழாயில் இவ்வளவு, யந்திர அமைப்பிற்கேற்ப, சாதாரணமாகப் பாதரச மானியில் 300 முதல் 375 மில்லிமீட்டர், அதாவது 40 முதல் 50 கிலோபாஸ்கல் வரை இருக்கும். இதனினும் மிகுந்தால் காம்பின் நுனி தடித்து வெடிக்கும். குவளையைக் கழற்றியதும் காம்பு நீலம் பூத்திருக்கும். மாடு உதைக்கத் தொடங்கும். குறைந்தாலோ, கறவை நீடிக்கும், குவளைகள் நழுவும். நழுவும்பொழுது உள்ளே பாயும் காற்று, பால்துளிகளை மற்றக் காம்புகளின் நுனியில் மோதச் செய்யும். அத்துளிகளில் நோய்க்கிருமி இருப்பின், ஒரு காம்பின் மடிநோய் மறு காம்பிற்கும் பரவ வழியாகும். ஒரு காம்பு வறண்ட பசுவுக்குச் சந்தையில் என்ன விலை கிடைக்கும் என்பதைக் குடியானவருக்குச் சொல்ல வேண்டுவதில்லை.

விரைவில் கறந்து முடிக்க வேண்டிச் சீராக்கியின் திருகை முடுக்குவோர் உளர். அது மாட்டின் மடியைக் கொண்டு நேரத்தை வாங்கும் வியாபாரம். பால் நின்றபின்பும் குவளையை விட்டுவைப்பதும் அத்தகையதே. பாலோட்டம் குறையக் குறைய, காம்படியில் உறிஞ்சல் ஏறுகிறது. முடுக்காதவர் கொட்டிலிலும் வைக்கோல் தூசி சீராக்கியின் வாயை அடைத்துவிடலாம். ஆதலின் அதனைத் தூசியும் ஈரமும் அணுகாத இடத்தில் பொருத்தி, அடிக்கடி துடைத்தல் வேண்டும். கறக்கும்பொழுது அதனிடத்துக் காற்றுப் புகும் இரைச்சல் கேட்டுக்கொண்டிருப்பது நல்ல அறிகுறி. இரைச்சல் அற்றுப்போயின் பம்பில் மிகை இல்லை, அல்லது எங்கோ ஒழுக்கு உண்டு.

பம்பின் வேகத்தையே தேவைக்கேற்ப மாற்றி மின்சாரத்தை மிச்சப்படுத்தும் முறை பெரிய பண்ணைகளுக்கு வந்துள்ளது. ஐந்தாறு மாடு வைத்திருப்போர் அதற்கு ஆசைப்பட வேண்டியதில்லை. எளிய சீராக்கியும் பொய் சொல்லாத மானியும் போதும். ஆனால் மானி பழுதுபடுவதும் உண்டு. அதனை ஒத்துப் பார்க்க, பால் கூட்டுறவுச் சங்கங்கள் நல்ல மானி ஒன்றை வாங்கி வைத்து அங்கத்தினருக்கு முறைவைத்துக் கொடுத்து வரலாம், செலவு சொற்பம். விற்பவரும் யந்திரத்தை நிறுவும் அன்றே குழாயின் வெற்றிட அளவைச் சோதித்து எழுதிக் கொடுக்கக் கடமைப்பட்டவர். பல வாளிகள் கொண்ட அமைப்பாயின், ஒரு வாளியின் குவளைகளைத் திறந்துவிட்டும் மானி 15 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கவில்லை என்பதைக் கண்ணெதிரே காட்டவும் வேண்டும். அதுவரை கடைசித் தவணைப் பணத்தைக் குடியானவர் தம் கையிலேயே வைத்திருப்பது நலம்.