காரணத்தை எழுதிக் கொடுங்கள், ஐயா

இல்லை என்று சொல்ல அரசு அலுவலகத்துக்கு உரிமை உண்டு. அதோடு நான் சண்டைக்கு நிற்கவில்லை. எதனால் இல்லை என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுப்பதற்குமா இவ்வளவு கஞ்சத்தனம்?

அக்காவுக்கு இரண்டு வயதில் போலியோ வந்தது. அப்பா தென்கிழக்கு ரயில்வேயில் வேலை கிடைத்து ஹவுரா மாவட்டத்துச் சாந்த்ராகாச்சிக்குக் குடிவந்த புதிது. சொட்டு மருந்து வீடு தேடி வராத காலம். வலது கால் சூம்பிப்போனது. இன்றைக்கும் தொடையைக் கையால் ஊன்றிக்கொண்டுதான் நடக்கிறாள். டாக்டர் கைப்பட எழுதி முத்திரை வைத்த பழைய சான்றிதழில் 50 விழுக்காடு என்று இருக்கிறது. அதைக் காட்டி ரயில் சலுகை வாங்கியிருக்கிறோம், ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. இப்போது எதற்கெடுத்தாலும் யூ.டி.ஐ.டி. என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேண்டுமாம். சரி என்று புதிதாகச் சோதனைக்குப் போனோம். வந்த அட்டையில் வெள்ளைப் பட்டை, 38 விழுக்காடு.

வெள்ளை என்றால் 40-க்குக் கீழே. மஞ்சள் 40-இலிருந்து, நீலம் 80-இலிருந்து. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 40-இல் கோடு கிழித்திருக்கிறது. பெரும்பாலான சலுகைகள் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான். மேற்கு வங்க அரசு 2018-இல் தொடங்கிய மானொபிக் ஓய்வூதியத் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தருகிறார்கள். அக்கா கேட்டது அந்த ஆயிரத்தைத்தான். "ஹோபே நா, மாஷிமா" (நடக்காது, அம்மா) என்றான் கவுண்டரில் இருந்த பையன். கனிவாகத்தான் சொன்னான், குறை சொல்ல முடியாது. (மத்திய அரசின் ஊனமுற்றோர் ஓய்வூதியத்தை நாங்கள் நினைத்தும் பார்க்கவில்லை. அதற்கு 80 விழுக்காடும் வறுமைக்கோட்டுச் சான்றும் வேண்டும்; கிடைப்பது மாதம் 300 ரூபாய்.)

போலியோ தாக்கிய கால் வயது ஏற ஏற இன்னும் வலுவிழக்கும் என்பதும், டாக்டர்கள் அதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள் என்பதும் தெரிந்த சங்கதிதான். அறுபதைத் தாண்டிய என் அக்காவின் கால் மட்டும் எந்த மருந்தில் 12 விழுக்காடு தேறியது? தசையின் வலு, மூட்டு மடங்கும் அளவு, கால் எவ்வளவு குட்டை என்று தனித்தனியாக அளந்து கூட்டும் முறை அரசிதழிலேயே இருக்கிறது. அந்தக் கூட்டலை எங்கள் கண்ணில் காட்டினால் போதும். கணக்கு சரியென்றால் வாயை மூடிக்கொண்டு வந்துவிடுவோம். ஓய்வூதிய அலுவலகத்தில் கேட்டால், அது ஆஸ்பத்திரி போட்ட எண் என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டால், ஓய்வூதியம் எங்கள் வேலை இல்லை என்கிறார்கள். நாங்கள் ஓய்வூதியத்தைப் பற்றியா கேட்டோம்?

ஒவ்வொரு முறையும் அவளைக் கூட்டிக்கொண்டு போவதே பெரும்பாடு. லோக்கல் ரயில் பிடித்தால் சீக்கிரம் போய்விடலாம்தான். ஆனால் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தை ஏறி இறங்கியாக வேண்டும். 2018 அக்டோபரில் நெரிசலில் உயிர்ப்பலி வாங்கிய இடம் அது. இந்தக் காலோடு அங்கே அவளை ஏற்ற எனக்கு மனம் வராது. அதனால் டோட்டோ என்னும் பேட்டரி ரிக்‌ஷா பிடித்து, பஸ் மாறி, கோனா எக்ஸ்பிரஸ்வே நெரிசலில் வெந்து போகிறோம். போய்ச் சேர்ந்தால் சம்பந்தப்பட்டவர் சாப்பிடப் போயிருப்பார்.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. சான்றளித்தவரின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம் என்கிறது 59-ஆவது பிரிவு. யாரிடம், எத்தனை நாளுக்குள், எப்படி என்பதை மட்டும் மாநில அரசின் பொறுப்பில் விட்டுவிட்டது. யாரிடம் என்று நான் கேட்ட இடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. சான்றிதழே கிடையாது என்று மறுத்தால், காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று 2017-இன் மத்திய விதிகள் சொல்கின்றன. குறைத்துப் போட்டுக் கொடுத்தால்? அது மறுப்பில்லையாம், சான்றிதழ்தானாம். எண் ஒன்று கையில் இருக்கிறது, காரணம் இல்லை. மேல்முறையீட்டு மனுவில் எதைத் தப்பு என்று எழுதுவது?

எங்கள் ஊர் ஜீல் என்னும் ஏரிக்குக் குளிர்காலத்தில் வரும் வாத்துகளை இனம் வாரியாக எண்ணி எழுதி வைக்கிறார்கள். நல்ல காரியம். ஒரு காலை எப்படி எண்ணினார்கள் என்பதற்குத்தான் தாள் கிடைக்கவில்லை.

இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டது வேறெங்கும் இல்லை, இதே ஹவுரா மாவட்டத்தில்தான். 2014 மார்ச்சில் போலியோ ஒழிந்த நாடு என்று சான்றிதழும் வாங்கிவிட்டோம். நோய் ஒழிந்ததில் எல்லோரையும்போல் எனக்கும் சந்தோஷம். அதற்கு முன்னே கால் போனவர்கள் இன்னும் இங்கேதான் நடந்துகொண்டிருக்கிறோம் என்பாள் அக்கா.

பக்கத்துவீட்டுத் தெலுங்குக்காரர் ஆந்திரக் கதையைச் சொல்வார். அங்கே மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2024-இலிருந்து மாதம் 6,000 ரூபாய். 2025-இல் மறுசோதனை நடத்தி, 40-க்குக் கீழே என்று ஏராளமானவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பினார்கள். ஊரெல்லாம் கூச்சல் எழவே, அரசு மேல்முறையீட்டுக்கு வழி விட்டது. அங்கே நடந்ததை நியாயம் என்று சொல்ல வரவில்லை. ஆனாலும் நோட்டீஸ் என்று ஒரு காகிதம் கைக்கு வந்தது, அதைப் பிடித்துக்கொண்டு கத்த முடிந்தது.

இப்போது தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, அக்காவின் மதிப்பீட்டுத் தாளின் நகல் கேட்டு அவள் பெயரிலேயே மனுப் போட்டிருக்கிறோம். 30 நாளில் பதில் தர வேண்டும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், வாய்வார்த்தையாகச் சொன்ன "இல்லை"யை வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிடாதீர்கள். மனுவை எழுத்தில் கொடுங்கள், நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள், சோதனை நடக்கும்போதே அளவுகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.