அர்ச்சனை சீட்டு எழுதியாச்சு, விபத்து பாரம் எழுதியாச்சா?

பெக்கோக் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் அடிபட்டவர்கள் முதலில் அம்மாளிடம்தான் வருகிறார்கள். செம்பனை முள் குத்தி வீங்கின கை, மட்டை விழுந்த கண், மருந்து அடிச்சு நகம் கறுத்துப்போன அக்காமார்கள். அர்ச்சனை சீட்டில் பேர் எழுதுறோம். "தோட்ட ஆபீஸ்ல எழுதினாங்களா?" என்று கேட்டால், "அத ஏன் கிளறணும், மண்டோர் கோவிச்சுக்குவாரு" என்பார்கள்.

கிளறத்தான் வேணும் என்கிறோம் நாங்கள். 2004-ஆம் ஆண்டு விதிப்படி, வேலையில் அடிபட்டு 4 நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாவிட்டால், முதலாளி 7 நாளுக்குள் ஜேகேகேபி 6 பாரம் அனுப்பணும். மருந்து நஞ்சு, தொழில் நோய் என்றால் ஜேகேகேபி 7. விபத்தை சொக்சோவுக்கு 48 மணி நேரத்தில் தெரிவிக்கணும். ஏட்டில் இல்லாத அடியை, வீட்டில் பட்டது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். பத்து வருசம் கழிச்சு கண் மங்கினா எதைக் காட்டுவீங்க? பாராகுவாட் 2020-லதான் இங்கே முழுசா தடையாச்சு. அதுவரை அடிச்சவங்க எத்தனை பேர் எந்த ஏட்டில் இருக்காங்க?

2024 ஜூன் 1 முதல் பாதுகாப்புச் சட்டம் ஏறக்குறைய எல்லா வேலையிடத்துக்கும் வந்தாச்சு. சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் கோயிலும் இதில் சேர்த்திதான் (நம்ம நிர்வாகத்தில் சிலருக்கு இது கசக்கும்). மடப்பள்ளியில் கொதி எண்ணெய் கொட்டினாலும் எழுதி வைக்கணும்.

கிளினிக்கில் முதல் தடவையே "வேலையில பட்டது" என்று சொல்லுங்க. எம்.சி. நகலைப் பத்திரமா வெச்சுக்குங்க. வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு மண்டபத்தில் இருப்போம். மலாய்ப் பாரம் புரியாதவங்க கொண்டு வாங்க, கூட உட்கார்ந்து எழுதித் தர்றோம்.