டிக்கெட் கேட்கலாம்... ஜாதகம் கேட்கலாமா?



விழுப்புரத்தில் பஸ் ஏறி திண்டிவனம் போகிறீர்கள். விக்கிரவாண்டியில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறுகிறார். "டிக்கெட்டைக் காட்டு" என்கிறார். பார்த்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விடுகிறார். உன் பெயர் என்ன, அப்பாவுக்கு என்ன வேலை என்றெல்லாம் கேட்பதில்லை. ஓசிப் பயணத்தைத் தடுப்பது அவர் வேலை. அதற்கு டிக்கெட்டைப் பார்த்தால் போதும்.

கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் இன்று எழுந்திருக்கும் கேள்வி இதுதான். திருட்டைத் தடுக்க டிக்கெட் பார்த்தால் போதுமா? நம் ஜாதகத்தையே கேட்கலாமா?

திருட்டு நகல்

ஒரு சாப்ட்வேரை எழுதப் பலர் மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். அதை நகல் எடுக்கச் சில நிமிடம் போதும். "ஒரிஜினல் போடவா, காப்பி போதுமா?" என்று கேட்கும் கடைக்காரர்களும் உண்டு. காப்பியோடு வைரசும் சேர்ந்து வரலாம். அது மட்டுமல்ல, திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்துவது 1957ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம். 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. லாப நோக்கம் இல்லாவிட்டால், அபராதத்தோடு விடவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

இதனால்தான் கம்பெனிகள் பூட்டுப் போட்டன. 2001ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில், எழுத்தும் எண்ணுமாக 25 கொண்ட ஒரு சாவியைக் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டரின் பாகங்களை வைத்து ஓர் அடையாள எண் உருவாகும். ஒரே சாவியைப் பல கம்ப்யூட்டர்களில் போட முயன்றால் பூட்டு திறக்காது. ஆனால், இதற்கு உங்கள் பெயர் தேவையில்லை. பெயர், முகவரி தந்து பதிவு செய்வது தனி. விருப்பம் இருந்தால் செய்யலாம். இது டிக்கெட் பார்ப்பது போல.

அதற்கு முன், 1999ல் வேறொன்று நடந்தது. விண்டோஸ் 98 பதிவின்போது, "என் கம்ப்யூட்டர் விவரத்தை அனுப்பாதே" என்று சொன்னவர்களின் அடையாள எண்ணும் மைக்ரோசாப்ட் கம்பெனிக்குப் போனது தெரியவந்தது. எதிர்ப்பு எழுந்ததும், சரிசெய்வதாகக் கம்பெனி சொன்னது. இது கேட்காமலே பையைத் திறந்து பார்ப்பது போல!

கட்டாயச் செயலி

2025 நவம்பர் 28ம் தேதி, மத்திய தொலைத்தொடர்புத் துறை ஓர் உத்தரவு போட்டது. இந்தியாவில் விற்கும் புதிய போன்கள் எல்லாவற்றிலும் 90 நாட்களுக்குள் "சஞ்சார் சாத்தி" என்ற செயலியைப் போட்டே விற்க வேண்டும் என்றது. நோக்கம் நல்லதுதான். ஒவ்வொரு போனுக்கும் ஐ.எம்.இ.ஐ. என்ற 15 இலக்க எண் உண்டு. திருடர்கள் அதை மாற்றிப் போனை விற்கிறார்கள். போன் தொலைந்தால் முடக்கவும், போலி போனைக் கண்டுபிடிக்கவும் இந்தச் செயலி உதவும்.

ஆனாலும், "எங்களைக் கேட்காமல் ஏன்? அது எதையெல்லாம் பார்க்கும்?" என்று பலர் கேட்டார்கள். டிசம்பர் 3ம் தேதியே கட்டாயம் என்பது கைவிடப்பட்டது. கேள்வி கேட்டதன் பலன், ஐந்தே நாளில்!

பூட்டே இல்லாத வழி

விலை கொடுக்க முடியாதவர்கள் என்ன செய்வது? திருட வேண்டியதில்லை. சி-டாக் என்ற அரசு நிறுவனம் உருவாக்கிய "பாஸ்" லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருட்கள் இருக்கின்றன. இவற்றை யாரும் நகல் எடுக்கலாம், நண்பனுக்கும் தரலாம். 2011ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோசோடு "பாஸ்" லினக்சும் அதில் இருந்தது. விழுப்புரத்திலேயே வி.ஜி.எல்.யு.ஜி. என்ற தன்னார்வக் குழு இத்தகைய மென்பொருட்களைச் சொல்லித் தருகிறது.

உங்கள் உரிமை

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் விவரங்களைப் பெறப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டது. அதற்காக நீங்கள் காத்திருக்க வேண்டாம். ஒரு விளையாட்டோ, செயலியோ விவரம் கேட்டால், "சரி" என்று அழுத்தும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்:

1. இந்த விவரம் எதற்கு?

2. இது இல்லாமல் அந்த வேலை நடக்காதா?

3. அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டேனா?

இன்று ஒரு சிறு வேலை. வீட்டுப் போனில் *#06# அழுத்துங்கள். 15 இலக்க எண் தெரியும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண் வரும். அதை நோட்டில் எழுதி அம்மாவிடம் கொடுங்கள். போன் தொலைந்தால் உதவும். வேறு யாரிடமும் அந்த எண்ணைச் சொல்லாதீர்கள். டிக்கெட் நம் கையில் பத்திரமாக இருக்க வேண்டும் அல்லவா!