யாருடைய தொண்ணூறுகள்?

'ஒரிஜினல்' என்ற ஒற்றைச் சொல்லில் மயங்கிக் கிடக்கிறது ஒரு கூட்டம். தொண்ணூறுகளில் டபிள்யூ.டபிள்யூ.எஃப் மல்யுத்தம் பார்த்து வளர்ந்த கூட்டம். கையில் நாலு காசு சேர்ந்ததும், அந்த வீரர்கள் மேடைக்கு வரும்போது ஒலித்த இசையின் பழைய ஆல்பங்களைத் தேடித் தேடி வாங்குகிறது. வெளிநாட்டு ஏலத் தளங்களில் விலை கேட்பது, உறை பிரிக்காத சிடி என்றால் கூடுதலாகக் கொடுப்பது, கண்ணாடி அலமாரியில் அடுக்குவது, படம் எடுத்துப் போட்டு "இதுதான்டா என் சின்ன வயசு" என்று ஒரு வரி எழுதுவது! பனியன் ஊரான திருப்பூரில் வளர்ந்தவர்களும் இதற்கு விதிவிலக்கல்ல.

சேகரிப்பது தப்பா? நிச்சயமாக இல்லை. தபால்தலை சேர்ப்பவர் உண்டு, தீப்பெட்டிப் படம் சேர்ப்பவர் உண்டு. ஆனால் காசு கொடுத்து வாங்கிய இன்னொருவர் பால்யத்தைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்வது வேடிக்கை.

அந்த ஆல்பங்கள் என்ன என்று கொஞ்சம் பார்த்தால் விஷயம் புரியும். 1993-ல் வெளிவந்த 'ரெஸில்மேனியா: தி ஆல்பம்' பிரிட்டன் சந்தைக்காகத் தயாரானது. அதில் மல்யுத்த வீரர்களே பாடினார்கள் (பாடினார்கள் என்று சொல்வது பெருந்தன்மை!). அதன் நிர்வாகத் தயாரிப்பாளர், பிற்பாடு பாட்டுப் போட்டி நடுவராக உலகப் புகழ் பெற்ற சைமன் கோவெல். அதிலுள்ள 'ஸ்லாம் ஜாம்' என்ற பாடல் 1992 டிசம்பரில் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 4-வது இடம் பிடித்தது. கிறிஸ்துமஸ் வியாபாரம், அவ்வளவுதான். பிறகு 1996-ல் 'ஃபுல் மெட்டல்', 1997, 1998, 1999 என்று வருடத்துக்கு ஒன்றாக 'தி மியூசிக்' தொகுதிகள். இந்தத் தொகுதிகளில் பெரும்பாலான இசை ஜிம் ஜான்ஸ்டன் என்ற ஒருவருடையது.

திருப்பூரில் ஓவர்லாக் மெஷின் ஓட்டியவர் வீட்டில் இந்த சிடி இருந்ததா? சிடி போடும் கருவி இருந்த வீடுகளே விரல்விட்டு எண்ணக்கூடியவை. இருந்தது கேபிள் இணைப்பு. 1991-ல் ஸ்டார் டிவி வந்த பிறகு, தெருவுக்குத் தெரு மொட்டை மாடியில் டிஷ் முளைத்தது. ஒரு வீட்டில் டிவி, அந்த வீட்டு வாசலில் பத்துச் செருப்பு. இசை வந்தது அந்த டிவி ஸ்பீக்கர் வழியாகத்தான்.

அதைப் பிடித்து வைக்க அன்றைய பையன்கள் கண்ட வழி ஒன்று உண்டு. அப்பாவின் பழைய சினிமாப் பாட்டு கேசட்டை எடுப்பார்கள். அழியாமலிருக்க உடைத்து விட்டிருக்கும் மேல் ஓட்டை இரண்டிலும் காகிதத்தைத் திணித்து ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து, ரெக்கார்டும் பிளேயும் சேர்த்து அமுக்குவார்கள். பதிவானது என்ன? அண்டர்டேக்கரின் மணியோசை, நடுவே "சோறு ஆறுதுடா" என்று அம்மா, பின்னால் பக்கத்துத் தறியோ மெஷினோ ஓடும் சத்தம், கடைசியில் பாதியில் நின்று, அடியிலிருந்து எட்டிப் பார்க்கும் பழைய சினிமாப் பாட்டு. இந்த ஊரின் மல்யுத்த ஆல்பம் அதுதான்!

அந்த அண்டர்டேக்கர் இசை ஷோபன் என்ற போலந்துக்காரர் 1830-களில் எழுதிய சவ ஊர்வல இசையை ஒட்டியது. திருப்பூர்ப் பையனுக்கு ஷோபன் யாரென்று தெரியாது. ஆனால் எழவு வீட்டில் சங்கும் சேகண்டியும் ஒலித்துக் கேட்டவன் அவன். அந்த மணி 'டொங்' என்றதும் முதுகு சில்லிட்டதற்குக் காரணம் அமெரிக்க சிடி அல்ல, அவன் தெருவில் கேட்ட சேகண்டி. இதை எந்த ஆல்பத்தின் உறையில் தேடுவது?

இதற்குச் சேகரிப்பாளர்களிடம் ஒரு பதில் உண்டு. "நிறுவனமே பழசை அழிக்கிறது, நாங்கள்தான் காப்பாற்றுகிறோம்" என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. வன உயிர் நிதியத்தோடு நடந்த வழக்கில் தோற்று, 2002 மே மாதம் டபிள்யூ.டபிள்யூ.எஃப் என்பது டபிள்யூ.டபிள்யூ.இ ஆனது. அதன் பிறகு பல வருடம் பழைய ஒளிப்பதிவுகளில் அந்தச் சின்னத்தை மங்கலாக்கிக் காட்டினார்கள். 1998-ல் அச்சான சிடி உறையை யாரும் மங்கலாக்க முடியாது. சரி, ஒத்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த சிடி லட்சக்கணக்கில் அச்சானது. திருப்பூர்க்காரர் வாங்காவிட்டாலும் உலகத்தில் எங்கோ ஒரு அலமாரியில் பத்திரமாக இருக்கும். பாடல்களில் பெரும்பாலானவை இணையத்திலேயே கேட்கக் கிடைக்கின்றன. அம்மா குரலோடு பதிவான கேசட்டோ உலகத்திலேயே ஒன்றுதான். அது பரணில் பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது, அல்லது பழைய இரும்புக்காரரிடம் கிலோ கணக்கில் போய்விட்டது. எது அபூர்வம்? எதைக் காப்பாற்ற வேண்டும்?

இன்னொன்றும் இருக்கிறது, அது கொஞ்சம் கசக்கும். தொண்ணூறுகளில் திருப்பூர்ப் பிள்ளைகள் எல்லோரும் ட்ரம்ப் கார்டு வைத்து உயரம், எடை, மார்பளவு என்று விளையாடிக்கொண்டிருக்கவில்லை. பனியன் கம்பெனிகளில் கைமடிக்கும் பிசிறு வெட்டவும் சிறுவர்கள் போனார்கள். ஆய்வுகளில் பதிவான விஷயம் இது. குழந்தைத் தொழிலாளர் செய்த பொருளை இறக்குமதி செய்யக் கூடாது என்று அமெரிக்க செனட்டர் டாம் ஹார்கின் மசோதா கொண்டுவந்தது 1992-ல். அதாவது 'ஸ்லாம் ஜாம்' பட்டியலில் ஏறிய அதே வருடம்! மல்யுத்தத்தை ஜன்னல் வழியே பாதி பார்த்துவிட்டு நைட் ஷிப்ட்டுக்கு ஓடிய பையனும் தொண்ணூறுகளின் பிள்ளைதான். கண்ணாடி அலமாரியில் அவனுக்கு இடம் இருக்கிறதா?

எனவே சேகரிக்கட்டும், தாராளமாக. முதலில் பரணில் ஏறட்டும். அந்த கேசட்டைத் துடைத்து, பென்சில் விட்டுச் சுற்றி, கணினியில் ஏற்றட்டும். பிறகு, அன்று பிசிறு வெட்டி இன்று நாற்பதைத் தாண்டியவரிடம் போய், "அந்த மணிச் சத்தத்தை நீங்கள் எங்கே நின்று கேட்டீர்கள் அண்ணா?" என்று கேட்டுப் பதிவு செய்யட்டும். அதற்கு ஏலத் தளத்தில் விலை கிடைக்காது. உறை பிரிக்காத சிடி அங்கேயே காத்திருக்கும். நாடா காத்திருக்காது, மனிதர்களும்தான்.