கேபிள் மட்டும் போதுமா?

டெல்லிப் பக்கம் ஜனவரி வந்தால் விடியற்காலையில் 4, 5 டிகிரிக்கு இறங்கிவிடும். குளிரில் பேட்டரியின் வேதிவினை மந்தமாகும், எஞ்சின் ஆயில் கெட்டிப்படும். மூன்று நான்கு வருஷப் பழைய பேட்டரி என்றால் கேட்கவே வேண்டாம். 'டிக் டிக்' என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

"போன் போட்டா மெக்கானிக் வந்துட்டுப் போறான் சார், இதையெல்லாம் நாம எதுக்குக் கத்துக்கணும்?" என்கிறார்கள் நம்மவர்கள். பகல் பதினோரு மணிக்குச் சரி. ராத்திரி இரண்டு மணிக்கு, எதிரே வருவது தெரியாத பனிமூட்டத்தில், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்கு மூச்சுத் திணறினால்? ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டியதுதான். ஆனால் அதுவும் அதே பனியில்தானே வரவேண்டும்?

என்னைக் கேட்டால், கார் ஓட்டத் தெரிந்த எல்லாருக்கும், வீட்டம்மா உட்பட, ஜம்ப் ஸ்டார்ட் தெரிந்திருக்க வேண்டும். பெரிய வித்தை ஒன்றுமில்லை. இரண்டும் 12 வோல்ட் வண்டியாக இருக்கணும், ஒன்றையொன்று உரசக்கூடாது, இரண்டையும் அணைத்துவிடணும். சிவப்பு வயர் முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு நல்ல பேட்டரியின் மைனஸில். அதன் மறுமுனையைச் செத்த பேட்டரியில் மாட்டாமல், அந்த வண்டி எஞ்சினில் பெயின்ட் இல்லாத உலோகத்தில், பேட்டரியிலிருந்து தள்ளி மாட்டுங்கள். கடைசி இணைப்பில் பொறி பறக்கலாம். பேட்டரி அருகே ஹைட்ரஜன் வாயு இருக்கலாம். அதனால்தான். நல்ல வண்டியைச் சில நிமிஷம் ஓடவிட்டு மற்றதை ஸ்டார்ட் செய்யுங்கள். கழற்றும்போது தலைகீழ் வரிசை.

பேட்டரி வீங்கியோ ஒழுகியோ இருந்தால் தொடவே தொடாதீர்கள். ஹைப்ரிட், எலக்ட்ரிக் வண்டி என்றால் முதலில் மேனுவலைப் பாருங்கள்.

சரி, நல்ல தடிமனான கேபிள் வாங்கியாச்சு. இரண்டாவது கார்? அங்கேதான் நாம் உதைபடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை மலை மந்திரில் நூறு தமிழ்க் குடும்பம் தெரியும். எதிர் வீட்டுப் பஞ்சாபிக்காரரின் பெயர் தெரியாது. மாமா, சித்தப்பா எல்லாம் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்ட முடிகிறவர் அந்தப் பஞ்சாபிக்காரர்தான்.

வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், இது கைமாற்று. முன்பின் பழக்கமில்லாதவனுக்கு யார் கொடுப்பார்? அவருடைய வண்டி படுத்த அன்று நம் கேபிளோடு நாம் முதலில் போய் நிற்கணும். இந்த வாரம் கேபிள் வாங்குங்கள். அப்படியே எதிர் வீட்டில் ஒரு வணக்கமும் சொல்லிவிட்டு வாங்க, உடைந்த ஹிந்தியானாலும் பரவாயில்லை :-)