நாள் குறிச்சாச்சு, அடுத்த ஆறு வாரம்? சிசேரியன் பற்றி வீட்டில் யாரும் சொல்லாதவை

தமிழ்நாட்டில் பிறக்கும் 100 குழந்தைகளில் ஏறத்தாழ 45 குழந்தைகள் சிசேரியனில் பிறக்கின்றன. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்லும் கணக்கு இது: 44.9 சதவீதம். அதற்கு முந்தைய 2015-16 சுற்றில் 34.1 ஆக இருந்தது. தமிழ்நாட்டின் தனியார் மருத்துவமனைகளை மட்டும் பார்த்தால் 63.8 சதவீதம், அரசு மருத்துவமனைகளில் 36. நாட்டின் சராசரியோ 21.5 தான்.

இந்தக் கணக்குப்படி, மயிலாப்பூரிலோ தி.நகரிலோ அடையாறிலோ ஒரு தனியார் மருத்துவமனையில் பெயர் பதிவு செய்யும் பெண்ணுக்கு சிசேரியன் என்பது ‘வந்தா பார்த்துக்கலாம்’ ரக விஷயம் இல்லை. வரத்தான் வாய்ப்பு அதிகம். ஆனாலும் வீட்டுப் பேச்சு இரண்டே கேள்வியில் முடிந்துவிடுகிறது. ‘சுகப்பிரசவமா, ஆபரேஷனா?’ ‘எந்த நாள், எத்தனை மணிக்கு?’ தியேட்டருக்குள் என்ன நடக்கும், அதற்குப் பிறகு அந்த உடம்பு எப்படித் தேறும் என்பதெல்லாம் அவளே அனுபவித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதாக இருக்கிறது.

அந்த முதல் கேள்வியிலேயே ஒரு சங்கடம் ஒளிந்திருக்கிறது. ஒன்றுக்கு ‘சுகம்’ என்று பெயர் வைத்துவிட்டதால், மற்றொன்று ஏதோ குறைப்பட்டது போலவும், வலி தாங்க முடியாதவள் தேர்ந்தெடுத்த சுலப வழி போலவும் ஆகிவிட்டது. வயிற்றில் பல அடுக்குகளைத் திறந்து தைக்கும் ஒரு பெரிய அறுவை சிகிச்சையில் சுலபம் எங்கே இருக்கிறது?

இன்னொரு பக்கம், தேவையில்லாத சிசேரியன்கள் நடப்பதும் நிஜக் கவலைதான். மக்கள்தொகை அளவில் சிசேரியன் விகிதம் 10 சதவீதத்தைத் தாண்டிய பிறகு, தாய் சேய் இறப்பு அதனால் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. அதே அறிக்கை, ஒரு இலக்கு எண்ணைத் துரத்துவதைவிடத் தேவைப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் சிசேரியன் கிடைப்பதே முக்கியம் என்றும் சொல்கிறது. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை போன்ற இடங்களுக்குச் சிக்கலான கேஸ்கள் பிற ஊர்களிலிருந்து அனுப்பப்படுவதால், அங்கே விகிதம் கூடுதலாக இருந்தால் அதை மட்டும் வைத்துக் குறை சொல்ல முடியாது. தனியாரில் நிலைமை வேறு. மத்திய அரசு ஊழியர்களுக்கான சிஜிஹெச்எஸ் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகள், சாதாரண பிரசவம் எத்தனை, சிசேரியன் எத்தனை என்பதை மக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று 2017-ல் உத்தரவு வந்தது. டாக்டரைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த எண்ணைக் கேட்பதில் தப்பே இல்லை. ஐந்தாம் மாதத்திலேயே கேட்டுவிடுவது நல்லது. இடுப்பு வலி வந்த பிறகு யாருக்கும் கேள்வி கேட்கும் தெம்பு இருக்காது.

நட்சத்திரமும் வாரமும்

திட்டமிட்ட சிசேரியனுக்கு ஜோசியரிடம் நேரம் குறிப்பது சென்னையில் சகஜமாகிவிட்டது. 39 வாரம் முடிந்த பிறகு, டாக்டர் சொல்லும் நாலைந்து நாட்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய பாதகம் இல்லை. நல்ல நட்சத்திரம் 37-வது வாரத்தில் வந்து நிற்கும்போதுதான் சிக்கல். கடைசி வாரங்களில்தான் குழந்தையின் நுரையீரல் வெளிக்காற்றுக்குத் தயாராகிறது. மருத்துவக் காரணம் இல்லாமல் 39 வாரத்துக்கு முன் எடுக்கப்படும் குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் வரவும், பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்கவும் வாய்ப்பு கூடுகிறது.

நேரத்துக்கும் இது பொருந்தும். விடியற்காலை 4.10 முகூர்த்தத்துக்கு மயக்க மருந்து டாக்டர், குழந்தை டாக்டர், ரத்தம் எல்லாம் தயாராக இருக்குமா என்று கேளுங்கள். பதிலில் தயக்கம் தெரிந்தால் காலை 9 மணிக்கு மாற்றச் சொல்லுங்கள். ஜாதகம் கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளும்.

உள்ளே நடப்பது

நாள் குறித்த ஆபரேஷன் என்றால் பொதுவாக 6 மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டை நிறுத்தச் சொல்வார்கள். தியேட்டரில் உட்காரவைத்தோ, ஒருக்களித்துப் படுக்கவைத்தோ முதுகை வளைக்கச் சொல்லி, நடுமுதுகுக்குக் கீழே ஒரு ஊசி. சில நிமிடங்களில் மார்புக்குக் கீழே மரத்துவிடும். நினைவு தப்பாது. டாக்டர்கள் பேசுவது கேட்கும், குழந்தையின் முதல் அழுகையும் கேட்கும். மிக அவசரமான நிலையில்தான் முழு மயக்கம் கொடுப்பார்கள்.

சிறுநீர் டியூப் போடுவார்கள். கழுத்துக்குக் கீழே ஒரு துணித் திரை. அடிவயிற்றில் குறுக்காக 10 முதல் 15 செ.மீ. கீறல். குழந்தை வெளியே வர பெரும்பாலும் 10 நிமிடம்கூட ஆகாது. அதற்குப் பிறகு நஞ்சுக்கொடியை எடுத்து, ஒவ்வொரு அடுக்காகத் தைப்பதற்குத்தான் அரை மணி, முக்கால் மணி.

வலி இருக்காது. ஆனால் எதுவுமே தெரியாது என்று நினைத்துப் போகிறவர்கள் அங்கே பயந்துவிடுகிறார்கள். வயிற்றை அழுத்துவதும், இழுப்பதும், உள்ளே கை நுழைவதும் உணர்வில் தெரியும். குழந்தையைத் தள்ள மேல்வயிற்றில் அழுத்தும்போது ஒரு கணம் மூச்சு முட்டுவது போல இருக்கும். உடம்பு கிடுகிடுவென நடுங்கலாம், பல் அடித்துக்கொள்ளலாம், குமட்டலாம். இவை வழக்கமாக நடப்பவை. தலைமாட்டில் நிற்கும் மயக்க மருந்து டாக்டரிடம் சொன்னால் போதும்.

‘முதுகுல ஊசி போட்டதுலேர்ந்து இருபது வருஷமா முதுகு வலி’ என்று சொல்லும் அத்தை எல்லா வீட்டிலும் உண்டு. ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலிக்கலாம், சிலருக்குக் கடுமையான தலைவலி வரலாம். ஆயுசுக்கும் தொடரும் முதுகு வலிக்கு அந்த ஊசிதான் காரணம் என்று ஆய்வுகள் சொல்லவில்லை. குழந்தையைக் குனிந்து தூக்குவதும், கூன் போட்டு உட்கார்ந்து பால் கொடுப்பதும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டியவை.

முதல் மூன்று நாள்

மரப்பு விட்ட பிறகுதான் நிஜமான வலி ஆரம்பிக்கும். ‘மாத்திரை பாலில் கலந்துடும்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது வேண்டாம். பாராசிட்டமால், இபுபுரூபன் போன்றவை பால் கொடுக்கும்போதும் பொதுவாகப் பாதுகாப்பானவை. நேரத்துக்கு மாத்திரை போட்டால்தான் எழுந்து நடக்க முடியும். 24 மணி நேரத்துக்குள் எழுந்து நடப்பது கால் நரம்பில் ரத்தம் உறைவதைத் தடுக்கும். இருமும்போதும் சிரிக்கும்போதும் தையல் மேல் ஒரு தலையணையை அழுத்திப் பிடித்துக்கொள்ளலாம். சிசேரியன்தானே, ரத்தப்போக்கு இருக்காது என்று நினைத்து பேடு வாங்காமல் வருபவர்கள் நிறைய. ஆறு வாரம் வரைகூட விட்டுவிட்டு இருக்கும்.

பால் விஷயத்தில்தான் வீடு ரொம்ப அவசரப்படுகிறது. சிசேரியனுக்குப் பிறகு பால் நன்றாகச் சுரக்க மூன்று, நான்கு நாள் ஆகலாம். அதுவரை வரும் கொஞ்சம் சீம்பாலே பெரும்பாலான குழந்தைகளுக்குப் போதும். குழந்தையின் வயிறு அப்போது அவ்வளவு சின்னது. இரண்டாம் நாளே ‘இவளுக்குப் பால் பத்தல’ என்று பவுடர் டப்பாவைத் திறப்பதற்கு முன், குழந்தை எத்தனை முறை சிறுநீர் கழிக்கிறது, எடை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று நர்ஸிடம் கேளுங்கள். படுத்தபடியோ, குழந்தையைக் கை இடுக்கில் பக்கவாட்டில் பிடித்தோ கொடுத்தால் தையலில் இடிக்காது.

பதினோராம் நாள்

தையல் பிரிக்கும் நேரம் பெரும்பாலும் ஒரு வாரத்தை ஒட்டி வரும். அதற்குச் சில நாளில் பல மயிலாப்பூர் வீடுகளில் புண்யாகவாசனம். இரண்டு மணி நேரம் மணையில் சம்மணமிட்டு, ஹோமப் புகையில், பட்டுப்புடவையில், 60 பேருக்குப் புன்னகைக்க வேண்டும். வயிற்றைக் கிழித்துத் தைத்து பத்து நாள்தான் ஆகிறது. நாற்காலி போட்டால் சாஸ்திரம் கோபிக்காது. வாத்தியாரிடம் முன்பே சொன்னால் அவள் உட்கார வேண்டிய நேரத்தைச் சுருக்கிக்கொடுப்பார். இதைக் கேட்க வேண்டியது கணவரின் வேலை.

குழந்தையைவிடக் கனமான எதையும் ஆறு வாரம் தூக்க வேண்டாம். லிஃப்ட் இல்லாத தி.நகர் பிளாட்டின் மூன்று மாடியை மெதுவாக ஏறலாம். ஆனால் ‘பால் பாக்கெட் வாங்கிட்டு வந்துடறேன்’ என்று ஒரு நாளைக்கு நாலு தடவை கூடாது. ஸ்கூட்டரை டாக்டர் சரி என்ற பிறகு எடுக்கலாம். பத்தியத்தில் பூண்டும் மிளகும் இருக்கட்டும். பருப்பு சாப்பிட்டால் சீழ் வைக்கும், தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. புண் ஆறப் புரதம் வேண்டும், பால் சுரக்கவும் மலச்சிக்கல் வராமல் இருக்கவும் தண்ணீர் வேண்டும்.

எதற்குக் காத்திருக்கவே கூடாது? 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தையலில் சிவப்பு, சீழ், நாற்றம், ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுதாக நனைவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, நெஞ்சு வலி, மூச்சு வாங்குவது. கடுமையான தலைவலியோடு பார்வை மங்கினால் அது பிரசவத்துக்குப் பிந்தைய ரத்த அழுத்தச் சிக்கலாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்கு, தேவைப்பட்டால் 108.

முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். அதையும் தாண்டி நீடித்தால், குழந்தை மேல் ஒட்டுதலே வராவிட்டால், தூங்க வாய்ப்பு இருந்தும் தூக்கம் வராவிட்டால், ‘எல்லாரும்தான் பெத்தோம்’ என்ற பதில் உதவாது. டாக்டரிடம் போங்கள். டெலிமானஸ் எண் 14416 எந்த நேரமும் இலவசம். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் வந்தால் அவளைத் தனியாக விடாமல் அப்போதே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

பணமும் லீவும்

அரசு மருத்துவமனையில் சிசேரியனுக்குக் கட்டணம் இல்லை. 2011-ல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் மருந்து, ரத்தம், பரிசோதனை, 7 நாள் வரை சாப்பாடு எல்லாம் அடக்கம். வீட்டில் கொண்டுவிட 102 வண்டி உண்டு. திருவல்லிக்கேணி ‘கோஷா ஆஸ்பத்திரி’ தென்சென்னைக்கும் கிட்டத்தில்தான் இருக்கிறது.

தனியார் என்றால் பாலிசியை இப்போதே திறந்து பாருங்கள். கம்பெனி குரூப் இன்சூரன்ஸில் பிரசவத்துக்குத் தனி உச்சவரம்பு இருக்கும், சொந்தமாக எடுத்த பாலிசியில் காத்திருப்புக் காலம் இருக்கும். குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனால் அந்தச் செலவு யார் கணக்கில் என்பதையும் கேட்டுவையுங்கள்.

2017 சட்டத் திருத்தப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு அம்மாவுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு. தனியார் துறையில் அப்பாவுக்குச் சட்டப்படி ஒரு நாள்கூட இல்லை. ஆபரேஷன் ஆன பெண்ணை இரவில் கட்டிலிலிருந்து எழுப்பிவிட ஒரு ஆள் தேவைப்படும் அந்த இரண்டு வாரத்தை, அவர் சொந்த லீவில்தான் கழிக்க வேண்டியிருக்கிறது. இதை மாற்ற வேண்டியது அரசாங்கம். அதுவரை ஹெச்ஆரிடம் ஏழாம் மாதத்திலேயே பேசிவிடுவது புத்திசாலித்தனம்.

ஒரு முறை சிசேரியன் என்றால் அடுத்ததும் சிசேரியன்தான் என்பது கட்டாயமில்லை. தகுந்த நிலையில் முயற்சி செய்பவர்களில் 60 முதல் 80 சதவீதம் பேருக்கு இயல்பான பிரசவம் நடக்கிறது. பழைய தழும்பு பிரியும் அபாயம் குறைவு என்றாலும் உண்டு, அதனால் உடனே ஆபரேஷன் செய்யும் வசதியுள்ள இடத்தில்தான் முயல வேண்டும். அதற்கு அடுத்த டாக்டர் முதலில் கேட்பது, கர்ப்பப்பையில் கீறல் குறுக்காகப் போடப்பட்டதா, நெடுக்காகவா என்பதை. தோலில் தெரியும் தழும்பைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. டிஸ்சார்ஜ் சம்மரியில் அது எழுதப்பட்டிருக்கிறதா என்று பில் கட்டும் கவுன்ட்டரிலேயே பார்த்து, ஒரு போட்டோ எடுத்து இருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.